காற்றோடும் பையும் ஒரு கலெக்டரும்

முதுகில் வேர்க்குருவோடு பெண்வீட்டுக்காரி யாரும் கல்யாணத்தில் நிற்கக் கூடாது என்று ராயபுரத்தில் சட்டமே இருக்கிறது போல. நான் வந்திறங்கிய மறுநாள் காலையிலேயே என் நாத்தனார் ஸ்டெல்லா அந்தச் சட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டாள்.

நான் மலேசியாவில் கிள்ளான்காரி. பெயர் ரெஜினா. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை. என் கணவர் பிறந்தது ராயபுரம், பிழைக்க வந்தது எங்கள் ஊர், மாட்டிக்கொண்டது என்னிடம். அவருடைய தங்கைதான் ஸ்டெல்லா. அவள் மகளுக்குக் கல்யாணம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருகிறார். அதுவரை ஒத்தாசைக்கு என்று என்னை முன்னாலேயே அனுப்பிவைத்தார். ஒத்தாசை எந்த லட்சணத்தில் நடந்தது என்பதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

எனக்குக் காலையில் சைக்கிள் மிதித்தாக வேண்டும். மிதிக்காத நாளில் கோபம் கோபமாக வரும், வீட்டில் எல்லோரும் ஒதுங்கி நடப்பார்கள். ஸ்டெல்லாவின் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவனுடைய கியர் சைக்கிள் மாடிப்படியடியில் தூசி குடித்துக்கொண்டிருந்தது. முதல் நாள் காலை அதைத் துடைத்து, காற்றடித்து, கோலாலம்பூர் மாலில் வாங்கிய என் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காசிமேடு தாண்டுவதற்குள் முதுகு தெப்பம். பையில் எண்ணி முடியாத அளவு ஜிப் உண்டு, விசில் உண்டு, இருட்டில் மின்னும் பட்டை உண்டு. காற்று போக மட்டும் ஒரு வழி கிடையாது. கிள்ளானிலும் வெயில்தான், ஆனால் அங்கே மத்தியானம் ஒரு மழை வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும். இங்கே வெயிலுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை.

திரும்பி வந்து குளித்தேன். ஸ்டெல்லா என் முதுகைப் பார்த்துவிட்டாள். பெண்வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ஜாக்கெட் தைத்திருக்கிறார்கள். முன்பக்கம் அடக்க ஒடுக்கம், பின்பக்கம் ஒரு முடிச்சுக் கயிறு, மற்றபடி முழு முதுகும் ஊருக்குத் தரிசனம்.

"அண்ணி, இன்னா அண்ணி இது, முதுவு ஃபுல்லா ரவயக் கொட்டுன மாரி கீது? போட்டோவுல வுழும் அண்ணி" என்றாள். அழாத குறை. ஒன்று சைக்கிளை விடு, இல்லை பையை விடு என்று சொல்லிவிட்டாள். சைக்கிளை விடுவதாவது! பையை விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதுகு முழுக்க வேர்க்குருப் பவுடரை அப்பி, மாவில் புரட்டிய வஞ்சிரம் மாதிரி என்னைக் குப்புறப் படுக்கவைத்தாள்.

இரண்டாம் நாள் கல்மண்டபம் பக்கம் பை வாங்கப் போனோம். போகும் வழியில் நாஷ்டா. நாங்கள் பசியாறல் என்போம், இவர்கள் நாஷ்டா என்கிறார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் இட்லியும் வடகறியும் என்றால் நான் எதிர்ப்புத் தெரிவிப்பதில்லை. வடகறியை ஊற்றிய பெண்மணி என் பேச்சைக் கேட்டுவிட்டு நான் சிலோனா என்று கேட்டாள். மலேசியா என்றேன். அப்படியானால் இன்னொரு கரண்டி என்று ஊற்றினாள். அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

முதல் கடையில் காலேஜ் பை காட்டினார்கள். இரண்டாவது கடையில் காட்டிய பைக்குள் நானே உட்கார்ந்துகொள்ளலாம். ஸ்டெல்லாவுக்குப் பொறுமை போய், எதிர்க்கடையில் வளையல் பார்க்கப் போய்விட்டாள். மூன்றாவது கடைக்குள் நான் தனியாக நுழைந்தேன். அதுதான் விதி.

கடைக்காரர் தெற்கத்திக்காரர், நாசரேத் பக்கம். எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அண்ணாச்சி என்றேன். என்ன வேண்டும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சின்னதாக இருக்க வேண்டும். முதுகில் ஒட்டக் கூடாது. எல்லாப் பக்கமும் காற்றோட வேண்டும். விடியக்காலையில் சைக்கிளில் எண்ணூர் வரை போவேன், வழியில் குலுங்கக் கூடாது.

அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். "நீங்களேயா போறிய?" என்று கேட்டார். நானேதான் என்றேன். பெண்பிள்ளைகள் இதில் இறங்கி இப்போதுதான் பார்க்கிறாராம், ரொம்பச் சந்தோஷமாம். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதில் இவ்வளவு அக்கறையுள்ள மனிதரா என்று நான் உருகிப்போனேன்.

"தண்ணிக்கு எடம் வேணும்லா?" என்றார். ஆமாம்லா என்றேன். எங்கள் ஊரில் நாங்கள் மூச்சுக்கு மூச்சு 'லா' போடுவோம். கடல் கடந்து வந்து அதே லாவைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஒத்தையா, ஜோடியா?"

ஒத்தைதான், அவர் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வருகிறார் என்றேன். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒத்தை என்றால் சின்னதே போதும் என்று பரணிலிருந்து ஒன்றை இறக்கினார்.

அந்தப் பையை நான் எப்படிச் சொல்வேன்! நீலக் கித்தான். இரண்டு பக்கமும், மேல் மூடியிலும் கறுப்பு வலை ஜன்னல். முதுகுப் பக்கம் உள்ளே இரண்டு பிரம்பை வில்லாக வளைத்துத் தைத்து, அதன்மேல் வலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மாட்டிப் பார்த்தேன். பைக்கும் முதுகுக்கும் நடுவே கையை விட்டால் இந்தப் பக்கம் போன கை அந்தப் பக்கம் வந்தது. எங்கள் ஊரில் இந்த இடைவெளிக்கு மட்டும் தனியாக விளம்பரம் போட்டு விற்பார்கள். உள்ளே தண்ணீருக்கு எலாஸ்டிக் போட்டுச் சின்னக் கிண்ணம். அடியில் கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் தட்டு. தட்டை மட்டும் உருவித் தினமும் கழுவிக்கிடலாம் என்றார் அண்ணாச்சி. பையின் அடித்தட்டைக்கூடத் தினம் கழுவுகிறார்களே, என்ன சுத்தமான ஊர் என்று வியந்தபடி வாங்கிவந்தேன்.

அது புறாப் பை.

உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரிய இன்னும் ஒரு முழு நாள் ஆனது. வடசென்னையில் மாடிக்கு மாடி புறாக் கூண்டு. பந்தயப் புறாவைப் பழக்க, விடியலில் தூரமாக எடுத்துப் போய்ப் பறக்கவிடுவார்கள், அது தானாக வீடு திரும்ப வேண்டும். சின்னப் பை, காற்றோட வேண்டும், சைக்கிள், எண்ணூர், குலுங்கக் கூடாது என்று நான் அடுக்கினால் அண்ணாச்சி வேறு எதை எடுத்துத் தருவார்? அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பையைக் கண்டதும் ஸ்டெல்லாவாவது சொல்லியிருப்பாள். ஆனால் அவள் அன்று வளையல் அளவில் மூழ்கியிருந்தாள். மண்டபம், பூ, பிரியாணி அண்டா என்று அவள் தலைக்குள்ளே ஏற்கெனவே இடமில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பையில் மழைச்சட்டையும் இரண்டு வாழைப்பழமும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆகா, முதுகில் காற்று! கடல் காற்று வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறுவது எனக்கே தெரிந்தது. சிரித்துக்கொண்டே மிதித்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள். அந்த வரிசைக்குத் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. எங்கள் துறைமுகத்திலும் லாரி வரிசை உண்டு, ஆனால் அங்கே டிரைவர்கள் வண்டிக்குள் தூங்குவார்கள். இங்கே இறங்கி, இரண்டு லாரிக்கு நடுவே அடுப்பு மூட்டி ரசம் வைக்கிறார்கள். சாலையில் ஓடியது நானும் ரச வாசனையும் மட்டும்தான்.

திருவொற்றியூரில் கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளக் கருவாடும் மாங்காயும். இரண்டு சொம்பு குடித்துவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். பெஞ்சில் இருந்த ஒருவர் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக என்று மரியாதையாக விசாரித்தார். சைக்கிளைக் கேட்கிறார் என்று எட்டு வருஷம் என்றேன். தூரம் எவ்வளவு போயிருக்கிறது என்றார். ஈப்போ வரைக்கும் என்றேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் புருவத்தை உயர்த்தினார். பிறகு மெல்லக் குனிந்து வலை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். வாழைப்பழம் தெரிந்தது. நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"வந்துடும்க்கா. மனச வுட்றாத" என்றார். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என்ன வரும், எனக்கு எதற்கு ஆறுதல் என்று வழியெல்லாம் யோசித்தேன். என் புறா தொலைந்துபோனதற்கு அவர் துக்கம் விசாரித்திருக்கிறார், பாவம்.

அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருவிலிருந்து டில்லி என்பவர் வந்தார். நாற்பது வயது, துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டும் வேலை, வலது கையில் மாவுக்கட்டு. ஸ்டெல்லாவுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஆணியில் தொங்கிய என் பையைத்தான் பார்த்தார். மலேசியாக்காரி ஒருத்தி ஒற்றைப் புறாவோடு வந்திருக்கிறாள், தினமும் எண்ணூரில் விடுகிறாள் என்று கல்மண்டபத்திலிருந்து இந்தத் தெரு வரைக்கும் பேச்சாம். எந்த ஜாதிப் புறா, பார்க்கலாமா என்று கேட்டார்.

ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் பை கண்ணில் பட்டது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு சுவரோடு சாய்ந்து, சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணக் கவலையில் அவள் முகத்தில் பல்லையே பார்க்காத எனக்கு அது போதும், என் மானம் போனால் போகட்டும். டில்லியும் சிரித்தார். சிரித்து முடித்தும் எழுந்து போகவில்லை.

அவரிடம் ஒரு பெண் புறா இருக்கிறது. பெயர் கலெக்டர். எப்போதும் தாமதமாகத்தான் வருமாம், வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டுமாம், அதனால் அந்தப் பெயர். போன பந்தயத்தில் ராஜாளி அடித்து வலது இறக்கை கிழிந்துபோயிற்று. சூப்பு வைத்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. இவர் மஞ்சள் வைத்து, வாய்க்குள் தானியம் ஊட்டித் தேற்றிவிட்டார். இப்போது மாடியைச் சுற்றி நன்றாகப் பறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதற்குள் ஒருமுறை தூரத்திலிருந்து வீடு வந்து சேருகிறதா என்று பார்த்தாக வேண்டும். வந்தால் பழைய கலெக்டர். நடுவழியில் இறக்கை விட்டுவிட்டால் புறாவே போய்விடும். இவருக்கோ கை உடைந்திருக்கிறது, வண்டி ஓட்ட முடியாது. தோஸ்துகள் அத்தனை பேரும் அதே பந்தயத்தில் இருக்கிறார்கள், அவர்கள் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

"நீ வெளியூராளுக்கா. உனுக்கு எம் பொறா மேல பொறாம கெடியாது" என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. பேசாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர் மனைவி வள்ளியும் அதையேதான் சொல்கிறாளாம்.

"வெச்சிக்கலாம்க்கா. ஆனா மத்ததுங்கோ பறந்தா அது கூண்டுல குந்திகினு மேலயே பாக்குது. அத்தப் பாக்க முடியல" என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. சரி, நானே எடுத்துப் போகிறேன் என்றேன்.

நான்காம் நாள் இருள் பிரிவதற்குள் டில்லி கலெக்டரைப் பையில் வைத்தார். சாம்பல் நிறம், கழுத்தில் பச்சையும் ஊதாவும் மினுங்கின. என்னை ஒரு கண்ணால் பார்த்து, இவள்தானா என்பது போல் மறுகண்ணாலும் பார்த்தது. டில்லி விதிகளை அடுக்கினார். பள்ளத்தில் மெதுவாக இறக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு விட வேண்டும். தூக்கி எறியக் கூடாது, மூடியைத் திறந்தால் அதுவாகப் போகும். போன் கூடவே கூடாது, அது புறாவுக்கு மூளையைக் குழப்புமாம். போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

என்ன கனம், ஒரு பாக்கெட் ரொட்டி அளவு இருக்குமா? ஆனால் அந்தக் கனம் மூச்சு விட்டது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் நான் மன்னிப்புக் கேட்டேன். அது குனுகிப் பதில் சொன்னது. என் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போனபோதுகூட நான் இவ்வளவு ஒழுங்காக வண்டி ஓட்டியதில்லை. பையைப் பார்த்த தெரு ஆட்கள் வழி விட்டார்கள். ஒரு ஆட்டோக்காரர் எனக்காகத் தன் பாட்டை நிறுத்தினார். நானே ஏதோ பெரிய ஆளாகிவிட்ட மாதிரி தலை நிமிர்த்தி மிதித்தேன்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் ஆறு கடலைச் சேரும் இடம். படகுகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். நண்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பையைப் பார்த்துவிட்டு, தன் குடையை மடக்கி வானத்துக்கு வழி விட்டாள். மூடியைத் திறந்தேன். கலெக்டர் விளிம்பில் ஏறி நின்றது. ஊரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு படபடவென்று போய்விட்டது.

ஒரு வட்டம் அடித்தது. இரண்டாவது வட்டத்தில் வலது பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து, தெற்கே போக வேண்டியது நேராகக் கடல் பக்கம் போய்ப் புகைக்குள் மறைந்தது. காத்திருந்தேன். திரும்பத் தென்படவில்லை. நண்டுக்கார அம்மாவைப் பார்த்தேன். அவள் குடையை விரித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் மிதித்த மிதி என் ஜென்மத்தில் மிதித்ததில்லை. எர்ணாவூரில் ஒரு இரும்புத் துண்டு, டயர் புஸ்ஸென்று போய்விட்டது. லாரி வரிசையில் நின்ற இரண்டு ஆந்திர டிரைவர்கள் என்னைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஆபீசில் தெலுங்குக்காரப் பெண் இருக்கிறாள், எனக்கு ஓரளவு புரியும். "இந்தம்மாவைப் பார், புறாவைத் தொலைத்துவிட்டு நிற்கிறது" என்றார் ஒருவர். "சைக்கிளைத் தூக்கி மேலே போடு, அழப்போகிறது" என்றார் மற்றவர். நான் ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தேன்.

சைக்கிளை லாரியில் ஏற்றி, என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, கோங்குராக் கீரைச் சாதமும் கொடுத்தார்கள். துக்கத்தில் தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன், வெட்கமில்லாமல் இறங்கியது. ஆனால் லாரி நகரவில்லை. நகர்ந்தபோதும் பக்கத்தில் நடந்த ஆடு எங்களை முந்தியது. பொறுக்க முடியாமல் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். பஞ்சர் கடை கிடைத்தபோது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு புறாவையும் அண்ணாந்து பார்த்தேன். எல்லாம் கலெக்டர் மாதிரியே இருந்தன, எதுவும் கலெக்டராக இல்லை. கையில் போன் இல்லை. யார் நம்பரும் மனப்பாடம் இல்லை.

ராயபுரத்துக்குள் நுழைந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தெருமுனையில் டில்லி செருப்பில்லாமல் சுடுகிற தரையில் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. வலது பக்கம் சாய்ந்தது டில்லி, கடல் பக்கம் போனது, நான் காத்திருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னென்னவோ உளறினேன். அவர் எதையும் காதில் வாங்காமல், மாவுக்கட்டுக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"கலெக்டர் வரலையா?" என்றேன்.

"அது காலீலேயே வந்து, துன்னுட்டுத் தூங்கிகினு கீது. ஒண்ணியும் ஆவல. உன்னத்தாங்க்கா காணோம்" என்றார். "ரெண்டு வண்டி அனுப்சி தேடிகினு கீறோம். ரோட்டுல லாரியா கீதே, இன்னா ஆச்சோ ஏது ஆச்சோன்னு பேஜாரா பூடுச்சி."

அண்ணாந்து பார்த்தேன். டில்லி வீட்டு மொட்டை மாடியில் வள்ளி, ஸ்டெல்லா, கல்யாணப் பெண், இன்னும் யார் யாரோ, எல்லோரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது. தூரத்துக்கு அனுப்பியது எதுவும் வந்து சேராமல் அந்த வீட்டில் கூண்டை அடைக்க மாட்டார்களாம், ஒருவரும் சோற்றில் கை வைக்க மாட்டார்களாம். காலையிலிருந்து அத்தனை பேரும் பட்டினி.

டில்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ வள்ளி, ரெண்டும் வூடு வந்து சேந்துடுச்சி. கூண்ட அடச்சிட்டு சோத்தப் போடு."